காப்ரி நீலக் குகை: ‘எல்லாம் சேர்த்து’ என்று விற்கும் சீட்டை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கம் சுற்றுலா போகிறவர்கள், காப்ரி தீவில் தண்ணீர் நீலமாக ஒளிரும் கடல் குகையான நீலக் குகைக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஆறு பேர் கொண்ட ஒரு குழுவுக்கு நடந்தது இது. தீவின் மரீனா கிராந்தே துறையில் கப்பலை விட்டு இறங்கியதுமே, படங்கள் போட்ட அட்டையோடு ஒருவர் எதிரே வந்து நின்றார். “தீவைச் சுற்றி வரலாம், நீலக் குகைக்குள் போகலாம், எல்லாம் சேர்த்து ஆளுக்கு 35 யூரோ” என்றார். 210 யூரோவை ரொக்கமாக வாங்கிக்கொண்டு, பெயர் சரியாகத் தெரியாத ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, ஒரு விசைப்படகில் ஏற்றிவிட்டார். குகை வாசலுக்கு வெளியே படகு ஒரு மணி நேரம் ஆடிக்கொண்டு நின்றது. முறை வந்தபோது ஆளுக்கு இன்னும் 18 யூரோ கேட்டார்கள், அதாவது ஆறு பேருக்கு 108 யூரோ. “எல்லாம் சேர்த்துத்தான் கட்டினோம்” என்று சொன்னதற்கு, விசைப்படகு ஓட்டியவர் சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பொடி எழுத்தில் ‘இங்க்ரெஸ்ஸோ எஸ்க்ளூஸோ’ என்று இருந்தது. நுழைவுக் கட்டணம் சேராது என்று அர்த்தம். கையில் இருந்த காசு நான்கு பேருக்குத்தான் போதுமானதாக இருந்தது. வயதான இருவர் கடைசிவரை குகையைப் பார்க்காமலே திரும்பினார்கள்.

அந்தத் தரகர் செய்தது ஏமாற்றுதான். ஆனால் அங்கே பணம் யார் யாருக்குப் போகிறது என்று முன்பே தெரிந்திருந்தால் அவர் வார்த்தை எடுபட்டிருக்காது. குகை வாசல் கடல் மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம், இரண்டு மீட்டர் அகலம், அவ்வளவுதான். எந்த விசைப்படகும் அதற்குள் நுழைய முடியாது. ஆகவே விசைப்படகு உங்களை வாசல்வரைதான் கொண்டுபோகும். அங்கிருந்து நாலு பேர் உட்காரும் சின்னத் துடுப்புப் படகில் மாற வேண்டும். துடுப்புப் படகுக்காரர்கள் வேறு ஆட்கள், விசைப்படகுக்கும் அவர்களுக்கும் கணக்கு வழக்கு கிடையாது. வாசலுக்குப் பக்கத்திலேயே ஒரு படகு மிதந்துகொண்டிருக்கும், அதுதான் சீட்டுக் கவுண்டர். துடுப்புப் படகுக்கூலியும் குகை நுழைவுக் கட்டணமும் அங்கேதான் கட்ட வேண்டும். 2024-ல் இரண்டும் சேர்த்து 18 யூரோ. அதில் பெரும்பகுதி படகுக்கூலி, நுழைவுக் கட்டணம் சிறுபகுதிதான்.

ஆகவே துறையில் விற்கும் சீட்டு எதுவாக இருந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். துடுப்புப் படகு இதில் சேர்ந்ததா? குகை நுழைவு சேர்ந்ததா? குகை மூடியிருந்தால் பணம் திரும்பி வருமா? பதிலை வாயால் சொன்னால் போதாது, சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். ‘இன்க்ளூஸோ’ என்றால் சேர்ந்தது, ‘எஸ்க்ளூஸோ’ என்றால் சேராதது. இந்த இரண்டு சொற்களையும் மனப்பாடம் செய்துகொண்டு போவது நல்லது, ஒரே பார்வையில் மாறிப்போகும். துறையிலேயே கூரையும் விலைப்பலகையும் உள்ள கவுண்டர்கள் இருக்கின்றன. நடந்து வந்து விற்கிறவரிடம் வாங்கவே வேண்டாம். ‘வரிசையில் நிற்காமல் உள்ளே போகலாம்’ என்று இணையத்தில் கூடுதல் காசுக்கு விற்பதையும் நம்பாதீர்கள். கடலில் நிற்கும் படகுகளுக்குள் வரிசையைத் தாண்டிப் போக வழி கிடையாது.

அடுத்தது கடல். அதிகம் பேர் சண்டை போடுவது இதில்தான். வெயில் கொளுத்தும், வானத்தில் ஒரு மேகம் இருக்காது, ஆனாலும் குகை ‘கியூஸா’, மூடியிருக்கிறது என்பார்கள். பலர் இதையும் ஏமாற்று என்றே நினைக்கிறார்கள். அது அப்படி இல்லை. குகை தீவின் வடமேற்குக் கரையில் இருக்கிறது. ‘மயெஸ்த்ராலே’ என்கிற வடமேற்குக் காற்று அடித்தால் அலை நேராக வாசலில் வந்து மோதும். காற்று நின்ற பிறகும் அலையின் ஏற்ற இறக்கம் சட்டென்று அடங்காது. வாசல் உயரமே ஒரு மீட்டர் என்கிறபோது அரை மீட்டர் அலை ஏறினால் படகில் படுத்திருப்பவரின் தலை பாறையில் இடிக்கும். காலையில் திறந்திருந்தது மதியம் மூடிவிடலாம், வரிசையில் நிற்கும்போதே மூடலாம். குளிர்காலத்தில் பெரும்பாலான நாட்கள் மூடித்தான் கிடக்கும். ஆகவே கப்பல் சீட்டு வாங்குகிற நாளன்றே குகை உறுதி என்று சொல்கிற எவரும் பொய் சொல்கிறார். அப்படி உறுதி கொடுக்க யாராலும் முடியாது.

மூடிவிட்டால் 18 யூரோ கேட்க மாட்டார்கள், ஆனால் விசைப்படகுக்குக் கட்டிய பணம் பெரும்பாலும் போனதுதான். வாசல்வரை கொண்டுவந்தாயிற்றே என்பார்கள். சில படகுகள் அதற்குப் பதிலாகத் தெற்குக் கரையில் இருக்கும் பச்சைக் குகைக்கு அழைத்துப் போகும். அழகான இடம்தான், தண்ணீர் மரகத நிறத்தில் இருக்கும். ஆனால் அதை நீலக் குகை என்று சொல்லிக் காட்டினால் ஏமாறாதீர்கள். அடையாளம் சுலபம்: துடுப்புப் படகில் மாறாமல், படுக்காமல் பார்த்தீர்கள் என்றால் அது நீலக் குகை இல்லை.

விசைப்படகே வேண்டாம் என்றால் தரைவழி இருக்கிறது. காப்ரி ஊரிலிருந்து தீவின் இன்னொரு ஊரான அனகாப்ரிக்குப் பஸ், அங்கிருந்து குகைக்கு இன்னொரு சின்ன பஸ். கடைசியில் படிக்கட்டு இறங்கினால் துடுப்புப் படகுகள் நிற்கும் இடத்துக்கே வந்துவிடலாம். பஸ் கட்டணமும் அந்த 18 யூரோவும்தான் செலவு. படகில் குமட்டல் வருகிறவர்களுக்கு இதுவே மேல், காத்திருக்கிற நேரத்தில் கால் தரையில் இருக்கும். மூடியிருக்கிறதா என்பதை அனகாப்ரியிலேயே விசாரித்துவிட்டுப் பஸ் ஏறலாம். ஒரே குறை, கூட்டம் அதிகமான நாளில் படியில் நிற்பவர்களைவிட விசைப்படகுகளில் வந்தவர்களை முதலில் ஏற்றிக்கொண்டே இருப்பார்கள். அப்போது வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

உள்ளே போகும் விதத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். விசைப்படகிலிருந்து துடுப்புப் படகுக்கு இறங்குவதுதான் சிரமம், இரண்டும் ஆடிக்கொண்டே இருக்கும். படகின் அடிப்பலகையில் ஒருவர் கால்களுக்கு நடுவே இன்னொருவர் என்று உட்கார வைப்பார்கள். பலகை எப்போதும் ஈரம். புடவை கட்டியவர்கள் முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள், வெள்ளை உடை வேண்டாம். வாசலில் படகோட்டி பாறையில் அறைந்த சங்கிலியைப் பிடித்தபடி அலைக்குக் காத்திருப்பார். அலை இறங்கும் நொடியில் “படுங்கள்” என்று கத்திவிட்டு, தானும் பின்னால் மல்லாந்து, சங்கிலியை ஒரே இழுப்பில் இழுப்பார். அப்போது யாரும் தலையையோ கைபேசியையோ தூக்கக் கூடாது. முதுகு, முழங்கால் வலி உள்ளவர்கள் இதை நினைத்துப் பார்த்து முடிவெடுங்கள்.

உள்ளே சுமார் 60 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம். முதலில் இருட்டாகத் தெரியும், கண் பழகியதும் அடியிலிருந்து நீலம் கிளம்பும். நாம் நுழைந்த வாசலுக்குக் கீழே, தண்ணீருக்குள், அதைவிடப் பெரிய இன்னொரு திறப்பு இருக்கிறது. வெயில் அதன் வழியாக வருகிறது. தண்ணீர் சிவப்பை உறிஞ்சிவிட, நீலம் மட்டும் எழும்பி வருகிறது. துடுப்பு தண்ணீரில் இறங்கும்போது வெள்ளி பூசியது போல மின்னுவதைக் கவனியுங்கள், அதன்மேல் ஒட்டும் காற்றுக் குமிழிகள்தான் காரணம். மதியம் 12 மணியிலிருந்து 2 மணி வரை நிறம் உச்சத்தில் இருக்கும். மேகமூட்டமான நாளில் கொடுத்த காசுக்குப் பாதிதான் தெரியும்.

இவ்வளவுக்கும் கிடைப்பது ஏறக்குறைய ஐந்து நிமிடம். அதற்குள் படகோட்டி ஒரு பாட்டுப் பாடுவார். வெளியே வருவதற்கு முன் டிப்ஸ் கேட்பார், ‘மான்ச்சா’ என்பார். சிலர் குகைக்குள்ளேயே படகை நிறுத்திவிட்டுக் கேட்பதுண்டு. கூலி 18 யூரோவிலேயே அடங்கியிருக்கிறது, டிப்ஸ் உங்கள் விருப்பம். கொடுக்க நினைத்தால் சில்லறையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், 50 யூரோத் தாளை நீட்டினால் மீதி வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தண்ணீரில் குதித்து நீந்துவதற்கு அனுமதி இல்லை. சீட்டுக் கவுண்டர் மூடியபின் நீந்தி உள்ளே கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் விலகி வந்துவிடுங்கள். சங்கிலியைப் பிடிக்க ஆளில்லாத நேரத்தில் அந்த வாசல் ஆபத்தானது.

குகையின் பழமையைச் சொல்லாமல் விட மனமில்லை. கி.பி. 27-லிருந்து 37 வரை ரோமப் பேரரசர் திபேரியுஸ் இந்தத் தீவில் வாழ்ந்தார். அந்தக் காலத்தில் இது நீர்த்தேவதைகளுக்கான இடமாக அலங்கரிக்கப்பட்டிருந்தது. 1964-ல் குகையின் அடியிலிருந்து கடல் தெய்வங்களின் சிலைகளை எடுத்தார்கள். அவை இப்போது அனகாப்ரியில் காசா ரோஸ்ஸா என்கிற சிவப்பு வீட்டு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அலையால் நீலக் குகை மூடிய நாளில் போகத் தகுந்த முதல் இடம் அதுதான்.

இரண்டாவது இடம் மாதர்மானியா குகை. இதற்குச் சீட்டே கிடையாது. காப்ரி ஊரின் நடுச் சதுக்கத்திலிருந்து இயற்கை வளைவுப் பாறை நோக்கிப் பலகை பார்த்து நடந்து, அங்கிருந்து படியில் இறங்கினால் கிழக்குப் பார்த்த பெரிய குகை. பாறையோடு பாறையாக ரோமர் கட்டிய சுவர்களில், சின்னச் சின்னக் கற்களைச் சாய்சதுரமாக அடுக்கிய வலைப்பின்னல் இன்னும் தெரியும். சிபெலே என்கிற தாய்த்தெய்வத்தின் கோயில் என்று சொல்லும் வழக்கம் உண்டு, அது நிரூபணமான விஷயம் இல்லை. ‘புனிதக் குகை நடை’ என்று காசு வாங்கி அழைத்துப் போகிறவர்கள் காட்டுவது இதைத்தான். வழிகாட்டி இல்லாமலே போய்வரலாம். படிகள் செங்குத்து, தண்ணீர் பாட்டில் வேண்டும், பழைய செருப்பில் வழுக்கும்.

நேப்பிள்ஸுக்கு மேற்கே ‘சிபில் குகை’ பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பெயரில் இரண்டு இடம் உண்டு. குறிசொல்லும் சிபிலின் குகை என்று 1932-ல் தொல்லியலாளர் அமெதேயோ மயூரி கண்டறிந்து அறிவித்தது கூமா தொல்லியல் பூங்காவுக்குள் இருக்கிறது. 131 மீட்டர் நீளம், மேலே குறுகிக் கீழே அகன்ற நடை. அது ராணுவத் தேவைக்குக் குடைந்தது என்பது இன்று ஆய்வாளர்கள் பலரின் கருத்து. இன்னொன்று அவெர்னோ ஏரிக்கரையில் உள்ள ரோமச் சுரங்கம், அதற்கும் ஊர்மக்கள் அதே பெயரைத்தான் சொல்வார்கள். டாக்ஸியில் ஏறும்போது “கூமா, தொல்லியல் பூங்கா” என்று சொல்லாவிட்டால் ஏரிக்கரையில் இறக்கிவிடுவார்கள். பிறகு பூங்காவுக்கு இன்னொரு வாடகை.

ஏமாந்தது தெரிந்தால் செய்ய வேண்டியது: சீட்டின் இரண்டு பக்கத்தையும், விற்றவர் நின்ற இடத்தையும், மிதக்கும் கவுண்டரின் விலைப்பலகையையும் உடனே படம் எடுங்கள். அன்றே தீவின் நகராட்சிப் போலீஸிடம் புகார் கொடுங்கள், கப்பல் ஏறிவிட்டால் அப்புறம் யாரும் திரும்பிப் போவதில்லை. துறையில் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் அந்தப் படங்களோடு பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ரொக்கத்தில் அந்த வழி இல்லை. ஆகவே துறையில் கார்டு, குகை வாசலுக்கு மட்டும் ஆளுக்கு 20 யூரோ கணக்கில் சில்லறையாக ரொக்கம் என்று பிரித்து வைத்துக்கொண்டு இறங்குங்கள்.