ஒன்பது வருடமும் இரண்டு இருக்கையும்: என் ஃபால்கன் எக்ஸ்ஆர்6 டர்போ யூட்

போன மாதம் என் யூட் 214,000 கிலோமீற்றரைத் தாண்டியது. யூட் என்றால் முன்பக்கம் கார்போலவும் பின்பக்கம் சாமான் ஏற்றும் பெட்டியோடும் இருக்கும் வாகனம். 2015இல் வாங்கும்போது 61,000 ஓடியிருந்தது. 2010ஆம் ஆண்டு ஃபோர்ட் ஃபால்கன், எஃப்ஜி வரிசை, எக்ஸ்ஆர்6 டர்போ, ஆறு கியர் ஓட்டோமற்றிக். மெல்பேர்ணின் தென்கிழக்கில் தச்சு வேலை செய்த ஒருவரிடம் வாங்கினேன். நான் எலெக்ட்ரீசியன். காலையில் வேலைக்கு, வெள்ளிக்கிழமை கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்கு, விடுமுறையில் மலைக்கு என்று எல்லாவற்றுக்கும் இதே வாகனம்தான். இப்போது இவை பழைய வாகனச் சந்தையில் மட்டுமே கிடைக்கின்றன. தேடிக்கொண்டிருக்கும் நம் ஆட்கள் சிலர் என்னிடம் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எஞ்சின், ஏனென்றால் இதை வாங்குவதே எஞ்சினுக்காகத்தான். 4 லீற்றர், ஆறு சிலிண்டரும் ஒரே நேர்வரிசையில், அதன் மேல் டர்போ. 270 கிலோவாட் வலு, 533 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை. விளம்பரத்தில் எல்லோரும் முதல் எண்ணைப் பார்ப்பார்கள். தினமும் ஓடுகிறவனுக்கு உதவுவது இரண்டாவது எண். அந்த 533 முழுவதும் நிமிடத்துக்கு 2,000 சுற்றிலேயே வந்துவிடுகிறது. எஞ்சின் அலறத் தேவையில்லை. வெளியேறும் புகை டர்போவின் ஒரு பக்கச் சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டில் உள்ள மறுபக்கச் சக்கரம் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. அழுத்தியதில் சூடேறிய காற்றை முன்பம்பருக்குப் பின்னாலிருக்கும் இன்டர்கூலர் குளிரவைத்து அனுப்புகிறது. குளிர்ந்த காற்று அடர்ந்த காற்று, அதோடு அதிக எரிபொருளை எரிக்கலாம். இதெல்லாம் எந்த டர்போவிலும் நடப்பதுதான். இங்கே கீழே இருப்பது ஏற்கனவே 4 லீற்றர் எஞ்சின் என்பதால், டர்போ விழித்துக்கொள்ளும் வரை காத்திருக்கிறோம் என்ற உணர்வே அநேகமாக வருவதில்லை. நேர்வரிசை ஆறு என்பதால் அதிர்வும் இல்லை. சிவப்பு விளக்கில் நிற்கும்போது எஞ்சின் ஓடுகிறதா என்று சில வேளை ஊசியைப் பார்த்துத்தான் உறுதிசெய்கிறேன்.

இந்த எஞ்சினுக்கு இங்கே 'பாரா' என்று பெயர். 2002இல் வந்த பிஏ ஃபால்கனை உருவாக்கும்போது வைத்த மறைபெயர் பாரமண்டி, அதன் சுருக்கம் இது. பாரமண்டி என்பது நம் கொடுவா மீன்தான். ஊரில் கொடுவாக் குழம்பு சாப்பிட்டு வளர்ந்த எனக்கு அந்தப் பெயர் தெரியவந்த நாள் பெரிய சந்தோஷம்.

533 நியூட்டன் மீற்றர் எங்கே பயன்படுகிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது பிரின்ஸஸ் நெடுஞ்சாலை. மெல்பேர்ணுக்குக் கிழக்கே கிப்ஸ்லாந்துப் பக்கம் போனால் சாலை ஒரு கட்டத்தில் போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று என்று ஒடுங்கிவிடும். முன்னால் இரண்டு ட்ரெய்லர் பூட்டிய பி-டபுள் லொறி, 26 மீற்றர் வரை நீளம் இருக்கும், 80இல் ஏறிக்கொண்டிருக்கும். முந்தும் பாதை சில கிலோமீற்றருக்கு ஒருமுறைதான் வரும், வந்தாலும் நீளம் குறைவு. எங்கள் விக்டோரியா மாநிலத்தில் முந்தும்போதுகூட வேக எல்லையைத் தாண்டக்கூடாது. ஆகவே 80இலிருந்து 100க்கு எவ்வளவு கெதியாகப் போகிறோம் என்பதுதான் எதிர்ப்பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது. இந்த வாகனத்தில் பாதத்தைக் கொஞ்சம் அழுத்தினால் போதும், லொறி கண்ணாடியில் பின்னுக்குப் போய்விடும். முன்பு என்னிடம் இருந்த சிறிய டீசல் வானில் இதே இடத்தில் கை வியர்த்திருக்கிறேன். வலுவைப் பாதுகாப்புக்காக வாங்கினேன் என்றால் நம்ப மாட்டார்கள். ஆனால் ஒன்பது வருடத்தில் அதை நான் உண்மையாகச் செலவழித்தது அங்கேதான்.

அந்த வலுவுக்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது, அது மழை. செடான் ஃபால்கனின் பின்பக்கத்தில் இரண்டு சக்கரமும் தனித்தனியே அசையும் அமைப்பு. யூட்டில் பாரம் தூக்குவதற்காக ஒரே இரும்பு அச்சும் பட்டைவில்லும் வைத்திருக்கிறார்கள். பின்பெட்டி வெறுமையாக இருந்தால் அந்த விற்கள் அமுங்குவதேயில்லை, சிறு மேட்டிலும் பின்பக்கம் துள்ளும். பின்னால் பாரம் இல்லை, சக்கரத்துக்கோ 533. பல நாள் வெயிலுக்குப் பிறகு விழும் முதல் மழையில், சாலையில் படிந்த எண்ணெய் மேலே மிதக்கும்போது, சுற்றுவட்டத்தில் கால் சற்றுக் கூடினாலும் பின்பக்கம் பக்கவாட்டில் நழுவத் தொடங்கும். வழுக்கல் தடுக்கும் எலக்ட்ரோனிக்ஸ் பிடித்துவிடும், ஆனால் அதை நம்பி ஓடக்கூடாது. என் வழக்கம்: மழையில் பாதத்தின் வேலையைப் பாதியாகக் குறைப்பேன். ட்ராம் தண்டவாளத்தின் மேல் திரும்பும்போது பெற்றோலே கொடுக்கமாட்டேன். பின்டயரை நூல் தெரியும் வரை ஓடமாட்டேன். எனக்கு ஒரு சோடிப் பின்டயர் 25,000 கிலோமீற்றர் வரும். இதில் காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர் வேறு வாகனம் பார்ப்பது நல்லது.

வேடிக்கை என்னவென்றால் வேலைச் சாமான் ஏற்றிய நாளில்தான் இது நன்றாக ஓடுகிறது. வயர்ச் சுருள், துளைகருவிகள், ஏணி எல்லாம் சேர்ந்து நூறு நூற்றைம்பது கிலோ வரும். அந்தப் பாரம் அச்சின் மேல் உட்கார்ந்ததும் துள்ளல் அடங்கி, திருப்பத்தில் பின்பக்கம் நிலத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் ஆசைப்படக்கூடாது. ஒரு டன் ஏற்றும் ஃபால்கன் யூட் வேறு. எக்ஸ்ஆர் வகையை ஓட்டச் சுகத்துக்காகத் தாழ்த்தியிருக்கிறார்கள், ஏற்றும் அளவும் நன்றாகக் குறைந்துவிடும். டைல் பதிக்கிறவர், சீமெந்து ஏற்றுகிறவர் இதை வாங்கி ஏமாற வேண்டாம். என்னைப்போல் சாமான் இடத்தை அடைக்கும், ஆனால் பாரம் குறைவு என்ற தொழிலுக்குத்தான் இது பொருந்தும். 4 மீற்றர் மின்குழாய்களுக்கு மேலே ராக் பூட்டியிருக்கிறேன்.

பின்பெட்டியின் மூடுசீலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டாவது வருடம், வேலைத்தளத்துக்கு வெளியே நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போய் வந்தேன். சீலையைக் கத்தியால் நீளமாகக் கிழித்து இரண்டு ட்ரில்லையும் சோதனை மீற்றரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மீற்றர் என் முதல் சம்பளத்தில் வாங்கியது. அடுத்த கிழமையே பூட்டுப் போட்ட கடின மூடி போட்டேன். சாமானோடு ஓடுகிறவர்கள் முதல் நாளே அதைச் செய்துவிடுங்கள்.

இனி இருக்கை. இரண்டே இரண்டு. வாங்கிக் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்தியபோது மனைவி ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, நாங்கள் நாலு பேர். மிச்சம் ரெண்டு பேரையும் பெட்டிக்குள்ளயா வைக்கப் போறியள்?"

பதில் என்னிடம் இல்லை. அவளுடைய சின்னக் கார் குடும்பக் காராக ஆனது. ஒற்றைக் காரோடு சமாளிக்கும் குடும்பத்துக்கு இந்த யூட் சரிவராது. ஆனால் இரண்டு இருக்கை என்பதால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உருவாயிற்று. எங்கே போனாலும் பிள்ளைகளில் ஒருவர் மட்டும் என்னோடு வருவார். "அப்பா, இண்டைக்கு நான்தான் உங்களோட வாறன்" என்று சப்பாத்தைப் போட்டுக்கொண்டு முதலில் வாசலுக்கு வருபவருக்கே இடம். பின்சீற்றில் சண்டை இல்லை, ஃபோனுக்குள் குனிந்த தலை இல்லை, பக்கத்தில் ஒரு பிள்ளை, முன்னால் சாலை. பள்ளிக்கூடத்தில் நடந்ததை மகள் எனக்குச் சொன்னதெல்லாம் இந்த வாகனத்துக்குள்தான்.

அவளோடு போனதில் நல்ல பயணம் கிரேட் அல்பைன் சாலை. வங்கராட்டாவிலிருந்து பெயர்ன்ஸ்டேல் வரை 308 கிலோமீற்றர். ஹொதாம் மலையை ஒட்டி 1,800 மீற்றருக்கு மேல் ஏறும், வருடம் முழுக்கத் திறந்திருக்கும் தார்ச்சாலைகளில் அவுஸ்திரேலியாவிலேயே உயரமானது. உயரம் போகப் போகக் காற்று மெலியும், சாதாரண எஞ்சின் மூச்சு வாங்கும். டர்போ அந்தக் குறையை அழுத்திச் சரிசெய்துவிடும், அன்றைக்கு ஏற்றத்தில் வித்தியாசமே தெரியவில்லை. இறக்கத்தில் இசட்எஃப் கம்பனியின் ஆறு கியர்ப் பெட்டியைக் கையால் கீழே இறக்கி எஞ்சினாலேயே வேகத்தைப் பிடித்தேன். பிறேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதி வழியில் மணக்கத் தொடங்கும். ஓமியோவில் இறங்கித் தேநீர் குடித்தோம். அவள் புளிச்சாதப் பெட்டியைத் திறந்தாள். யூட்டின் பின்கதவைத் தாழ்த்தி அதில் உட்கார்ந்து சாப்பிட்ட நேரத்தை இன்றும் சொல்லுவாள்.

செலவு: கணக்குக் கொப்பியில் எழுதி வருகிறேன். ஒன்பது வருடச் சராசரி 100 கிலோமீற்றருக்கு 13.1 லீற்றர். ஹியூம் நெடுஞ்சாலையில் சிட்னி போய்வந்தபோது 10.4. மொனாஷ் ஃப்ரீவேயில் காலை நெரிசல் கிழமைகளில் 15ஐத் தாண்டும். 98 ஒக்டேன் பெற்றோல் மட்டுமே அடிக்கிறேன். எஞ்சின் ஒயிலைப் புத்தகத்தில் சொன்ன 15,000க்குக் காத்திராமல் 7,500க்கு மாற்றுகிறேன், டர்போவின் தண்டு அந்த ஒயிலில் மிதந்துதான் சுழல்கிறது. கியர்ப்பெட்டி ஒயிலை 100,000இல் ஒருமுறை, 180,000இல் ஒருமுறை மாற்றினேன். வால்வுகளை இயக்குவது சங்கிலி, ஆகவே பெல்ட் மாற்றும் செலவு இல்லை.

ஒரு பெரிய பயம் வந்தது 118,000இல். ஏற்றத்தில் மெல்லப் பெற்றோல் கொடுத்தால் வாகனம் முழுக்க ஓர் உதறல். பக்கத்திலிருந்த ஒரு வேர்க்ஷொப்பில் காட்டினேன். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, கியர்ப்பெட்டி போய்விட்டது, கழற்றிச் செய்ய ஐயாயிரம் டொலருக்கு மேல் வரும் என்றார்கள். இரண்டு நாள் நித்திரை இல்லை. பிறகு நண்பர் சொல்லி ஸ்பிரிங்வேலில் வயதான ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஓட்டவேயில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கடைசியாக எப்போது மாற்றினாய் என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். கழற்றிக் காட்டினார், முனை தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தது. டர்போ எஞ்சினில் அழுத்தம் கூடக்கூடத் தீப்பொறி அந்த இடைவெளியைத் தாண்டுவது கடினம். அழுத்தம் ஏறும் நேரத்தில் ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால், ஓடுகிறவனுக்கு அது கியர்ப்பெட்டி உதறுவதுபோலவே இருக்கும். ஆறு பிளக்கும் ஆறு கொயிலும் புதிதாகப் போட்டு எழுநூறு டொலருக்குள் முடிந்தது. பழைய டர்போ யூட் வாங்குகிறவர்கள் உதறலைக் கண்டால் முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பெரிய சொல்லுக்குப் பயந்து கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

வலுவைக் கூட்டச் சொல்லிக் கேட்பவர்கள் நிறைய. பாரா எஞ்சின் தாங்கும், இதை நானூறு கிலோவாட்டுக்கு மேல் கொண்டுபோனவர்கள் இருக்கிறார்கள். நான் தொடவில்லை. இந்த அச்சுக்கும் விற்களுக்கும் 270ஏ நிரம்பப் போதும் என்பது என் அபிப்பிராயம்.

இந்த எஞ்சினைச் செய்தது ஜீலோங்கில், வாகனத்தைப் பூட்டியது புரோட்மெடோஸில், இரண்டும் எங்கள் மாநிலம்தான். 1934இல் வெளிவந்த யூட் என்ற உருவத்தையே ஃபோர்டுக்காக வரைந்தவர் ஜீலோங்கில் வேலைசெய்த லூ பாண்ட். ஞாயிறு தேவாலயத்துக்கும் திங்கள் பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஒரே வாகனம் வேண்டும் என்று கிப்ஸ்லாந்து விவசாயி ஒருவரின் மனைவி எழுதிய கடிதத்திலிருந்து பிறந்தது அது. 2007இல் ஜீலோங் எஞ்சின் பட்டறையை மூடப்போவதாக ஃபோர்ட் அறிவித்து, 2008இல் முடிவை மாற்றினார்கள். 2016இல் எல்லாமே நின்றது. முதலில் யூட், பிறகு ஒக்டோபர் 7ஆம் திகதி கடைசிச் செடான். இப்போது வேலைத்தளங்களில் நிற்பவை தாய்லாந்திலிருந்து வரும் உயரமான நாலுகதவு டீசல்கள். பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் அவைதான் சரி, மறுக்கமாட்டேன். ஆனால் தாழ்ந்து உட்கார்ந்து, காரைப்போலத் திரும்பி, பெட்டியில் ஏணியும் சுமக்கும் வாகனம் இனி வராது என்பதில் எனக்கு உண்மையான துக்கம் இருக்கிறது.

மகன் நாலு வருடம் இதைத் தொட முடியாமல் இருந்தான். விக்டோரியாவில் பி பிளேட் உள்ளவர்கள், அதாவது புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்கள், டன்னுக்கு 130 கிலோவாட்டுக்கு மேல் வலுவுள்ள வாகனத்தை ஓடக்கூடாது, இது அந்த எல்லையைத் தாராளமாகத் தாண்டும். போன மாதம் முழு லைசென்ஸ் கைக்கு வந்தது. வந்த சனிக்கிழமையே சாவியைக் கொடுத்தேன். ஒன்பது வருடத்தில் அன்றுதான் முதல் தடவை இடதுபக்க இருக்கையில் உட்கார்ந்தேன். கிப்ஸ்லாந்துப் பக்கம் ஒரு பால் லொறி முன்னால் வந்தது. முந்தும் பாதை வந்ததும் அவன் என்னைப் பார்க்கவில்லை, கண்ணாடியைப் பார்த்தான், சைகை போட்டான், பாதத்தை மெல்ல அழுத்தினான். நான் ஓடும்போது அந்த நேரத்தில் ஒருநாளும் பார்க்க முடியாத, எஞ்சின் சுற்றைக் காட்டும் ஊசியை அன்று பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். லொறி பின்னுக்குப் போய் நாங்கள் எங்கள் பாதைக்குத் திரும்பும் வரைக்கும் அது 3,000ஐத் தொடவில்லை.