அரியமான் மணலில் அறுபதுக்குப் பின் சிலம்பம்

உச்சிப்புளியை அடுத்த அரியமான் கடற்கரையில், சவுக்குத் தோப்பின் ஓரமாகக் காலை 6 மணிக்கு நடைபெறும் முதியோர் சிலம்ப வகுப்பில் 3 மாதங்களாகப் பயின்று வருகிறேன். எனக்கு வயது 66. கம்பைக் கையில் கொடுப்பதற்கு முன் 2 வாரங்கள் காலடி வரிசையை மட்டுமே ஆசான் பழக்கியது முதலில் சலிப்பூட்டினாலும், கால் ஊன்றும் இடம் உடம்பில் பதிந்த பின்னரே கை தடுமாறாமல் சுழல்கிறது என்பதை உணர்ந்தபோது அதன் காரணம் விளங்கியது. புதிய அசைவுகளை மெதுவாகக் கற்கும் வயதில், ஒரே நாளில் நெடுநேரம் பழகுவதைவிடச் சிறிது சிறிதாகப் பல நாள் பழகுவதே நிலைக்கிறது.

65 வயதைக் கடந்தோர் சமநிலைக்கும் தசை வலிமைக்குமான பயிற்சிகளை வாரத்தில் 3 நாட்களாவது செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டின் வழிகாட்டுதலில் பரிந்துரைத்துள்ளது; இங்கு வகுப்பும் வாரத்தில் 3 நாட்களே. கைலி மாற்றச் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு இப்போது அது தேவைப்படவில்லை. (என் மனைவி இதை இன்னும் நம்பவில்லை.)

மாதக் கட்டணமான 500 ரூபாய் நியாயமானது. ஆனால் கால் புதையும் உலர்ந்த மணலில் மூட்டுவலி உள்ளவர்களையும் நிறுத்துவது சரியன்று. அவர்களுக்கு அலையோரத்தின் இறுகிய ஈரமணலே ஏற்றது. முதலுதவிப் பெட்டியும் இதுவரை கண்ணில் படவில்லை.