ஓட்டல் வேலைக்கு எட்டு வாரமா, ஒன்றரை ஆண்டா, மூன்று ஆண்டா?

பள்ளி முடித்த பிள்ளை ஓட்டல் துறைக்குப் போக மத்திய சுற்றுலா அமைச்சகம் திறந்து வைத்திருக்கும் வாசல்கள் முக்கியமாக மூன்று. 'ஹுனர் சே ரோஜ்கார் தக்' என்ற இலவசக் குறுகிய காலப் பயிற்சி, ஒன்றரை ஆண்டு கிராஃப்ட் கோர்ஸ், மூன்று ஆண்டு பி.எஸ்சி. பட்டம். தமிழ்நாட்டில் இவற்றை விசாரிக்கப் போக வேண்டிய இடம் சென்னை தரமணியில் உள்ள ஐ.எச்.எம். எனும் ஓட்டல் மேலாண்மைக் கல்வி நிறுவனம், அடுத்து திருச்சி துவாக்குடியில் உள்ள மாநில ஐ.எச்.எம். எந்த ஆண்டு எந்தக் கோர்ஸ் நடக்கிறது என்பதை அங்கேயே கேட்டுக்கொள்வது நல்லது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சமையல்தான் வேலை என்று தீர்மானமாக இருப்பவருக்கு ஒன்றரை ஆண்டு கோர்ஸ்தான் சரி. துறைக்குத் தேவையானதும் அரசுப் பணத்தில் சொல்லித் தருவதும் நெருங்கி வருவது அங்கேதான். அந்தக் கோர்ஸைப் பற்றித்தான் வீடுகளில் யாருக்கும் தெரிவதில்லை.

குறுகிய காலப் பயிற்சி 2009-10இல் வந்தது. தொடக்கத்தில் உணவு தயாரிப்புக்கு 8 வாரம், பரிமாறும் வேலைக்கு 6 வாரம். எட்டாம் வகுப்பு முடித்திருந்தால் போதும், கட்டணம் கிடையாது. கத்தியைப் பிடிக்கும் முறை, சுத்தம், வேலைக்கு முன் எல்லாவற்றையும் எடுத்துவைக்கும் ஒழுங்கு ஆகியவை எட்டு வாரத்தில் கைக்கு வந்துவிடும். வேகம் வராது. ஏற்கெனவே மெஸ்ஸிலோ கேட்டரிங்கிலோ கைவேலை செய்துகொண்டிருப்பவருக்கு இது பெரிய பலன் தரும்; அவர் கையில் இருக்கும் திறமைக்கு ஒரு சான்றிதழ் கிடைக்கிறது. அடுப்பே பார்க்காதவர் இதை மட்டும் நம்பி ஐந்து நட்சத்திர ஓட்டலுக்குப் போனால் பாத்திரம் கழுவும் பிரிவில் நின்றுவிடும் ஆபத்து உண்டு. இத்தனை பேருக்குச் சான்றிதழ் கொடுத்தோம் என்று எண்ணுவதைவிட, மூன்று மாதம் கழித்து எத்தனை பேர் அதே வேலையில் இருக்கிறார்கள் என்று எண்ணினால் இந்தத் திட்டத்தின் முகமே மாறும்.

இனி ஒன்றரை ஆண்டு கோர்ஸ். உணவு தயாரிப்பும் பேட்டிசரியும் (கேக், பேஸ்ட்ரி வகைகள்) சேர்ந்தது. பத்தாம் வகுப்பு தேறினால் சேரலாம், அகில இந்திய நுழைவுத் தேர்வு தேவையில்லை. இதில் 24 வாரம் ஓட்டலில் நேரடிப் பயிற்சி. கல்லூரிக் கிச்சனில் காயை மெல்லிய குச்சியாகவும் குட்டிச் சதுரமாகவும் நறுக்கும் ஜூலியன், புருனுவா வெட்டு, எலும்போ காயோ வேகவைத்து வடிக்கும் ஸ்டாக், மற்ற சாஸ்களுக்கு அடிப்படையான ஐந்து தாய் சாஸ், ரொட்டி, கேக் என்று அடித்தளம் போகும். அந்த ஐந்தில் ஒன்றான பெஷமெல் எனும் வெள்ளை சாஸ் ஒரு லிட்டருக்கு 100 கிராம் வெண்ணெய், 100 கிராம் மைதா, ஒரு லிட்டர் பால் என்ற அளவைப் பலமுறை கிண்டிய பிறகுதான், மாவு வாடை போகும்வரை வறுக்காவிட்டால் சாஸ் பசையாகிவிடும் என்பது கைக்குப் புரியும்.

ஆனால் வேலையில் சேர்ந்த முதல் மாதம் கமி செஃப்பை (கிச்சனின் கடைநிலைச் சமையல்காரரை) மாட்டிவிடுவது சாஸ் இல்லை. அளவும் குளிர்வித்தலும்தான்.

நான்கு பேருக்கான ரெசிபியை 25ஆல் பெருக்கி நூறு பேருக்குச் சமைத்தால் சோறு குழைந்துவிடும். பெரிய அண்டாவில் ஆவியாகிப் போகும் தண்ணீரின் பங்கு குறைவு; அதனால் அரிசிக்கான தண்ணீர் விகிதத்தைக் குறைக்க வேண்டும். கிராம்பு, ஏலக்காய், பட்டையையும் அதே கணக்கில் பெருக்கினால் பிரியாணி மருந்து வாசம் அடிக்கும். மொத்தச் சமையல் பாடத்தில் இதைப் புரிய வைக்க வேண்டுமானால் உண்மையிலேயே நூறு பேருக்குச் சமைக்க வேண்டும். எட்டுப் பேர் சேர்ந்து இரண்டு கிலோ அரிசியில் செய்துவிட்டு 'குவான்டிட்டி கிச்சன்' என்று எழுதிக்கொள்வதில் பயன் இல்லை.

குளிர்வித்தல் இன்னும் நுட்பம். மிஞ்சிய 20 லிட்டர் சாம்பாரை அண்டாவோடு வாக்-இன் கூலர் எனும் குளிர் அறைக்குள் தள்ளிவிட்டுப் போனால் மேற்பரப்பு சில்லென்றிருக்கும், நடுப்பகுதி மறுநாள் காலையிலும் வெதுவெதுப்பாக இருக்கும். கிருமி பெருக அதைவிட வசதி வேண்டாம். இரண்டு மணி நேரத்தில் 21 டிகிரிக்கும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறங்க வேண்டும் என்பது விதி. அதற்கு 65 மி.மீ. ஆழமுள்ள ஜி.என். பேன் எனும் தட்டையான எவர்சில்வர் தட்டுகளில் பிரித்து ஊற்றி, கீழே ஐஸ் வைத்து, ஆவி அடங்கும்வரை மூடியைத் திறந்து வைத்து, புரோப் தெர்மாமீட்டரை நடுவில் விட்டுப் பார்த்து, நேரத்தோடு குறித்து வைக்க வேண்டும். பஃபேயில் சூடான உணவு 60 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது. எழுத்துத் தேர்வில் இந்த எண்களை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். கையில் தெர்மாமீட்டர் இல்லாத கிச்சனில் படித்தவர் அதை ஒருநாளும் செய்துபார்ப்பதில்லை.

இந்தக் கோர்ஸில் ஒரு குறை உறுத்துகிறது. பாடத்தின் எடை முழுக்கப் பிரெஞ்சு அடித்தளத்தின் மேல் இருக்கிறது. அது வேண்டாம் என்று சொல்லவில்லை; கப்பலுக்கும் வளைகுடாவுக்கும் போகிறவருக்கு அதுதான் மொழி. ஆனால் தமிழ்நாட்டு ஓட்டல் முதலாளிகள் நல்ல கூலி கொடுத்துத் தேடுவது தோசை மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், பிரியாணி மாஸ்டர். மழைக்காலத்திலும் சித்திரை வெயிலிலும் ஒரே பதத்தில் மாவு புளிக்க வைப்பதும், கல்லின் சூட்டைத் தண்ணீர் தெளித்துக் கணிப்பதும் முறையாகச் சொல்லித்தர வேண்டிய வித்தைகள். இவற்றுக்கு நான்கு வாரம் ஒதுக்கினால் வெளியே வரும் பிள்ளைக்கு முதல் நாளிலிருந்தே மரியாதை கிடைக்கும்.

மூன்று ஆண்டுப் பட்டம் வேறு இலக்கு. நொய்டாவில் உள்ள தேசிய ஓட்டல் மேலாண்மைக் கவுன்சிலின் பாடத்திட்டம், ஓட்டல் மேலாண்மைக்கென உள்ள ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு (பொறியியல் ஜே.இ.இ. அல்ல) எழுதி வர வேண்டும், அந்தத் தேர்வு தமிழில் இல்லை. கிச்சன், சர்வீஸ், ஃபிரன்ட் ஆபீஸ், ஹவுஸ்கீப்பிங் என நான்கு துறையும் படிக்க வேண்டும். மேற்பார்வை வேலைக்கும் மேலாண்மைப் பயிற்சிக்கும் பெரிய ஓட்டல்கள் தேடுவது இந்தப் பட்டத்தைத்தான். இரண்டாம் ஆண்டில் ஒரு செமஸ்டர் ஓட்டலில் பயிற்சி. இந்தப் படிப்பின் உயிர் அங்கே இருக்கிறது, கெடுவதும் அங்கேதான்.

திட்டப்படி நான்கு துறையிலும் சுழல வேண்டும். நடப்பது என்னவென்றால், முகூர்த்த சீசனில் பேங்க்வெட் எனும் விருந்துப் பிரிவுக்கு ஆள் போதாது, டிரெய்னி அங்கேயே நின்றுவிடுவார். ஹவுஸ்கீப்பிங் என்றால் விரிப்பும் துண்டும் வைக்கும் லினன் ரூமில் துண்டு எண்ணுவதோடு வாரங்கள் கழியும். தினசரிப் பயிற்சியைக் குறிக்க வேண்டிய லாக் புக் கடைசி வாரத்தில் ஒரே பேனாவில் ஒரே மூச்சில் எழுதப்பட்டிருக்கும், பார்த்தாலே தெரியும். ஒரு ஷிஃப்டில் 14 முதல் 16 அறை, அறைக்கு அரை மணி நேரம் என்பது பல ஓட்டல்களில் உள்ள கணக்கு. திரையைத் திறந்து, பழைய விரிப்பை உருவி, பாத்ரூமில் கெமிக்கல் தெளித்து ஊறவிட்டு, அதற்குள் படுக்கையைப் போட்டு, ஒரே திசையில் தூசி தட்டி, உள்ளிருந்து வாசலை நோக்கி வாக்கூம் செய்து வெளியேறும் வரிசை உடம்பில் ஏறக் குறைந்தது மூன்று வாரம் தொடர்ந்து அறை செய்ய வேண்டும். டாய்லெட் கழுவும் 'ஆர் 6' என்ற கெமிக்கல் ஓர் அமிலம். அதோடு பிளீச்சிங்கைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். இதை லினன் ரூமில் உட்கார்ந்து கற்க முடியாது.

எனவே ஓட்டலை ஒப்புக்கொள்ளும் முன் சுழற்சி அட்டவணையைத் தேதியோடு எழுத்தில் கேளுங்கள். வார விடுமுறை, இரவு ஷிஃப்ட் முடிந்ததும் வண்டி, தங்குமிடம், உதவித்தொகை, லாக் புக்கில் கையெழுத்திடுபவர் யார் என்பதையும் கேளுங்கள். லாக் புக்கை அன்றன்றே எழுதி வாரம் ஒருமுறை கையெழுத்து வாங்கினால், சுழற்சி நின்ற வாரமே கல்லூரிக்குத் தெரிந்துவிடும்.

உதவித்தொகையில் கொள்கையின் ஓட்டை ஒன்று இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் அப்ரன்டிஸ்களை (தொழில் பழகுநர்களை) எடுக்க வேண்டும் என்பது சட்டவிதி; அவர்களுக்கான குறைந்தபட்ச உதவித்தொகையும் வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வரும் மாணவர், அவர் படிப்பு அப்ரன்டிஸ்ஷிப்போடு இணைக்கப்படாவிட்டால், அந்தக் கணக்கில் வருவதில்லை. அதே கிச்சனில் அதே வெங்காயத்தை உரிக்கும் இருவரில் ஒருவருக்குச் சட்டம் துணை, மற்றவருக்கு ஓட்டலின் நல்ல மனசுதான் துணை. இது சரிசெய்யப்பட வேண்டிய அநியாயம்.

தமிழ்நாடு அரசு 2023இல் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கை சுற்றுலாவுக்குத் தொழில் அந்தஸ்து தந்து, சாகசம், கேரவன், கிராமம், தோட்டம், கடற்கரை, மருத்துவம் என்று பல பிரிவுகளை முன்னிறுத்துகிறது. மேலே சொன்ன மூன்று படிப்புகளும் நகரத்துப் பெரிய ஓட்டலை மனத்தில் வைத்தவை. வால்பாறையிலோ ஏற்காட்டிலோ ஆறு அறை ஹோம்ஸ்டே நடத்துபவருக்குத் தேவை, சமையலும் அறையும் கணக்கும் ஆன்லைன் புக்கிங்கும் ஒரே ஆள் செய்யும் திறமை. வெளிநாட்டு விருந்தினர் வந்த 24 மணி நேரத்துக்குள் விவரத்தை ஆன்லைனில் பதிய வேண்டும், துறையில் 'சி ஃபார்ம்' என்பார்கள். அதுகூடப் பல சிறு விடுதிக்காரர்களுக்குத் தெரியாது.

எந்தப் படிப்பானாலும் கூடவே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் ஃபோஸ்டாக் (FoSTaC) எனும் உணவுப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிடுங்கள். உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒரு பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் வேண்டும் என்பதால் முதலாளிக்கு அந்தச் சான்று உடனே பயன்படும்.

தனியார் கேட்டரிங் கல்லூரிக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் கட்டடத்தையும் யூனிஃபார்மையும் பார்த்து மயங்க வேண்டாம். கடந்த மாத இன்டென்ட் ஷீட்டை, அதாவது வகுப்புச் சமையலுக்கு வாங்கிய பொருள்களின் பட்டியலை, காட்டச் சொல்லுங்கள். எத்தனை மாணவருக்கு எத்தனை கிலோ கோழி, எத்தனை முட்டை, எத்தனை லிட்டர் பால் வாங்கினார்கள் என்று அதில் இருக்கும். முப்பது பேர் வகுப்புக்கு இரண்டு கோழி வந்திருந்தால், இருவர் வெட்டினார்கள், மற்றவர்கள் நின்று பார்த்தார்கள் என்று அர்த்தம். காட்ட மறுத்தால் அந்தக் கல்லூரி வேண்டாம்.