பாம்பன் பக்கம் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு: இரண்டு மாதம் போய்ப் பார்த்தேன்

சுற்றுலா வருகிறவர்களிடம் தினமும் பேசுகிற வேலை எனக்கு. வார்த்தை வந்துவிடும், அதன் பின்னால் வருகிற 'இன், அட், வித்' தான் காலை வாரிவிடும். 'இன்னாரோடு கல்யாணம்' என்று தமிழில் நினைத்து 'மேரீட் வித்' என்றே இத்தனை வருஷம் சொல்லியிருக்கிறேன், 'மேரீட் டு' தான் சரியாம். நம் வேற்றுமை உருபை அப்படியே தூக்கி அங்கே வைப்பதால் வருகிற தப்பு இது என்று டீச்சர் சொன்னபோதுதான் விஷயம் பிடிபட்டது. கணக்கில் கெட்டி என்றால் 'குட் அட்', கடலைக் கண்டு பயம் என்றால் 'அஃப்ரெய்ட் ஆஃப்'. ஆள்மேல் கோபம் 'ஆங்ரி வித்', நடந்த விஷயத்துக்காகக் கோபம் 'ஆங்ரி அபௌட்'.

ஒரு நாள் போர்டில் 'ராமேஸ்வரம் இஸ் ஃபேமஸ்' என்று எழுதி நிறுத்தினார். மீன் ஏலம் முடிந்து நேரே வந்திருந்த அக்கா ஒருவர் எழுந்து, 'ஃபார் இட்ஸ் டெம்பிள்' என்று பட்டென்று முடித்தார். கோயிலுக்காக, ஃபார். சில இடத்தில் நம் உருபும் பொருந்திப்போகிறது!

குறை என்றால் இடம்தான், சின்ன அறையில் இருபது பேர், கரண்ட் போனால் புழுக்கம் தாங்காது. அச்சடித்த பாடமும் தருவதில்லை. அதனால் நோட்டு கட்டாயம் கொண்டு போங்கள், அப்புறம் முதல் வரிசையில் உட்காருங்கள்.