'ஐ ஷுட் கெட் கோயிங்', 'ஐல் லெட் யூ கோ': எதைச் சொல்லி விடைபெறுவது?

இரண்டுமே ஆங்கிலத்தில் பேச்சை நாகரிகமாக முடிப்பவை. முதலாவதில் கிளம்ப வேண்டியவர் நீங்கள். நேரிலும் போனிலும் பொருந்தும், மேலதிகாரியிடமும் தவறாகாது. சந்தேகமென்றால் இதுவே போதும்.

'ஐல் லெட் யூ கோ' அப்படியல்ல. எதிர்முனையில் இருப்பவருக்குத்தான் நேரமாகிறது என்று காட்டும். நண்பரிடம் இதமாக இருக்கும்; நேர்முகத் தேர்வு எடுப்பவரிடம் சொன்னால் நீங்கள் அனுமதி கொடுப்பதுபோல் ஒலிக்கும். இதே 'லெட் யூ கோ'வை முதலாளி சொன்னால் வேலை போய்விட்டது என்று பொருள்!

எதுவானாலும் முதலில் 'எனிவே' என்று குரலை இறக்கி ஒரு நொடி நிறுத்துங்கள். இல்லையென்றால் வெடுக்கென்று வெட்டியதுபோல் இருக்கும். 'போயிட்டு வரேன்' பழக்கத்தில் 'ஐ வில் கோ அண்ட் கம்' என்றால், திரும்பி வருவீர்கள் என்று காத்திருப்பார்கள்.