கல்லடியா, புளியந்தீவா: வாடகைக்கு எங்கே இருப்பது?

மட்டக்களப்பில் வாடகை வீடு தேடுகிறவர்கள் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பார்கள்: கல்லடிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கடலோரக் கல்லடியா, இந்தப் பக்கம் நகரின் நடுவிலுள்ள புளியந்தீவா? நான் இரண்டு பக்கமும் குடியிருந்தவள். சில வருடங்கள் கல்லடியில் இருந்துவிட்டு, இப்போது அம்மாவுடன் புளியந்தீவில் இருக்கிறேன். ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

கல்லடியின் பெருமையை ஊரே சொல்லும்: கடற்கரை, காற்று, பௌர்ணமி இரவில் பாலத்தடியில் பாடும் மீன். (மீன் பாடி நான் கேட்டதில்லை, கேட்டவர்களோடு சண்டைக்கும் போவதில்லை.) வளவு பெரிது, வாகனம் நிறுத்த இடமுண்டு. மணல் நிலம் என்பதால் மார்கழி மழை எவ்வளவு கொட்டினாலும் தண்ணீர் இறங்கிவிடும். நகரத்து ஒழுங்கைகளில் அது தேங்கி நின்று நுளம்பு வளர்க்கும். கரைவலை இழுக்கும் காலையில் கல்லடியில் வாங்கும் மீனுக்கு நகரச் சந்தை மீன் கிட்டவும் வராது. இரவில் கொத்து ரொட்டிக்கோ பிரியாணிக்கோ ஆசை வந்தால் காத்தான்குடி பக்கத்திலேயே இருக்கிறது. சாப்பாட்டை மட்டும் பார்த்தால் கல்லடிக்கே என் வாக்கு.

குறை என்றால் உப்புக் காற்று. மின்விசிறி, சைக்கிள், கதவுப் பிணைச்சல் எல்லாம் துருப்பிடிக்கும். கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள நிலம் அது. கிணற்றில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. வெயில் காலத்தில் மோட்டாரை நீண்ட நேரம் ஓடவிட்டால் உவர் மேலேறிவிடும். இது எங்கள் ஒழுங்கையில் கண்டது. நாவலடிப் பக்கம் வேறு மாதிரி இருக்கலாம். குழாய்த் தண்ணீர் உள்ள வீடென்றால் இதைப் பெரிதாக எண்ண வேண்டியதில்லை. பாலத்தைச் சாட்டுச் சொல்வதற்கும் இப்போது வழியில்லை. 1924இல் கட்டிய ஒடுங்கிய பாலத்தில் காத்துக் கிடந்த காலம், 2013இல் புதிய பாலம் திறந்ததோடு போய்விட்டது.

இவற்றில் எதுவும் என்னை நகர்த்தவில்லை. வீட்டுக்கு யார் வருகிறார்கள், எப்படி வருகிறார்கள் என்பதுதான் நகர்த்தியது.

எங்கள் உறவில் பெரும்பகுதி வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். கொக்கட்டிச்சோலையிலிருந்து மண்முனைப் பாலத்தால் வருகிறவர்கள் கல்லடியைத் தாண்டித்தான் நகரத்துக்குள் போக வேண்டும். அப்படியிருந்தும் யாரும் கல்லடியில் இறங்கமாட்டார்கள். அவர்களுக்கு வேலை நகரத்தில்: போதனா வைத்தியசாலையில் கிளினிக், வங்கி, சந்தை. எல்லாம் முடிந்து, கை நிறையப் பைகளோடு திரும்பும்போது இடையில் இறங்கி ஏற யாருக்கு மனம் வரும்? கல்லடி வீட்டுக்கு வந்தவர்கள் முதல் நாளே தொலைபேசியில் சொல்லி, நல்ல சேலை உடுத்து, விருந்தாளியாக வந்தார்கள். நாங்களும் விருந்தாளிக்குச் சமைப்பது போலச் சமைத்தோம். மற்ற நாட்களில் அம்மாவுக்குத் தொலைக்காட்சிதான் துணை.

புளியந்தீவில் யாரும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. கிளினிக் துண்டு எடுத்துவிட்டு முறை வரும்வரை இருக்க ஒரு மாமி வருவார். சந்தைப் பையை விறாந்தையில் வைத்துவிட்டு வங்கிக்குப் போவார் பெரியப்பா. யாருடைய வயல் வெட்டியாயிற்று, எந்தக் கோயிலில் சடங்கு தொடங்குகிறது என்ற செய்தியெல்லாம் பகல் பதினொரு மணிக்குள் அம்மாவிடம் வந்துவிடும். ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோயிலில் தீர்த்தமாட வருகிறவர்களுக்காக முதல் நாள் இரவே பாய் விரிக்க வேண்டியிருக்கும்.

இதற்குச் செலவில்லையா? உண்டு. மதியச் சோற்றுக்கு எப்போதும் ஒரு சுண்டு அரிசி கூடப் போடவேண்டும். சீனி நிற்பதே இல்லை. 2022 நெருக்கடியில் பால்மா விலை ஏறியபோது வெறுந்தேத்தண்ணீருக்கு மாறினோம். வந்தவர்களில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அவர்களும் வெறுங்கையோடு வருகிறவர்கள் அல்லர். தயிர்ச் சட்டி, கச்சான், அறுவடை முடிந்தால் புது அரிசி என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். கணக்கெழுதிப் பார்த்ததில்லை, பார்த்தால் நாங்கள்தான் கடன்காரர்களாக நிற்போம் என்று நினைக்கிறேன். பணத்தைவிடக் கடினம், அலுவலகத்துக்குப் புறப்படும் நேரத்தில் குளியலறைக்கு முன்னால் மூன்று பேர் நிற்பது. அந்த நேரத்தில் எனக்கும் கல்லடி இனிக்கும்.

புதிதாகத் திருமணமானவர்களுக்கும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டுக்கும் நான் கல்லடியைத்தான் சொல்வேன். என் மச்சாள் அங்கே நிம்மதியாக இருக்கிறாள். நகரத்துக்கு வா என்று அவளை நான் கூப்பிடப் போவதில்லை. வீட்டில் வயதானவர் இருந்து, உறவு படுவான்கரையில் இருந்தால், வாடகை கொஞ்சம் கூடினாலும் புளியந்தீவைப் பாருங்கள். பார்க்கப் போகும்போது அறைகளை எண்ணுவதற்கு முன் விறாந்தையைக் கவனியுங்கள். நாலு கதிரை போட்டு, கால் நீட்டவும் இடம் மிஞ்சாத வீடென்றால் முற்பணம் கொடுக்காதீர்கள்.