பழைய ஜமீன் பத்திரம் படிக்க இணையத் தமிழ் லெக்சிகன்: எங்கே உதவும், எங்கே கைவிடும்

ஜமீன் பத்திரம், இனாம் பதிவேடு, கோயில் செப்பேடு எதைப் பிரித்தாலும் மேல்வாரம், கட்டுக்குத்தகை, சுரோத்திரியம், மிட்டா என்று சொற்கள் வரிசைகட்டி நிற்கும். இவற்றுக்குப் பொருள் தேட, இலவசமாகக் கிடைப்பவற்றில் முதலில் திறக்க வேண்டியது சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் உள்ள தமிழ் லெக்சிகன்தான். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட அதே பேரகராதி.

பொருளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தருவதோடு, சொல் எங்கே வழங்கியது என்பதற்கும் குறிப்பு தருகிறது. இதைவிடப் பெரிய பயன் வேறில்லை. கல்வெட்டு, நாஞ்சில் நாடு, யாழ்ப்பாணம், தஞ்சை வட்டாரம் என்று குறுக்கங்கள் இருக்கும். ஒரு சொல்லுக்குப் பல பொருள் வந்தால், முதல் பொருளை எடுத்துக்கொண்டு ஓடாமல் இந்தக் குறுக்கத்தைப் பாருங்கள். சோழர் சாசனத்துக்குக் கல்வெட்டுச் சான்றுள்ள பொருள்தான் பொருந்தும்.

தேடுவதில் கொஞ்சம் பழக்கம் வேண்டும். தலைச்சொற்கள் பெரும்பாலும் ஒருமையில், மரியாதை விகுதி இல்லாமல் இருக்கும். ஆகவே ‘பாளையக்காரர்’ என்று தட்டாமல் ‘பாளையக்’ என்ற அளவில் நிறுத்தித் தேடுவது நல்லது. பாரசீக, அரபுச் சொற்களில் எழுத்து நிலையாக இராது. பேஷ்குஷ், பேஷ்கஷ் இரண்டும் ஒன்றே. ஜமீன்தார் ஆண்டுதோறும் அரசுக்குக் கட்டிய நிலையான தொகை. பத்திரத்தில் உள்ள எழுத்தையே நம்பாமல் மாற்றி மாற்றிப் போட வேண்டும். அப்படியும் சிக்கவில்லையென்றால் முழுவுரைத் தேடலில் ஆங்கிலப் பொருளைக் கொடுத்துப் பின்வழியாக வரலாம்.

குறை என்று பார்த்தால், பதவிக்கும் நிலப்பிரிவுக்கும் உரிய காலமும் அடுக்கும் அகராதிப் பதிவில் விளங்காது. சோழ மண்டலத்தில் வளநாட்டுக்குக் கீழே நாடு அல்லது கூற்றம். தொண்டை மண்டலத்தில் கோட்டத்துக்குக் கீழே நாடு. இந்த வரிசை தெரியாமல் ‘நிலப்பிரிவு’ என்ற பொருளை மட்டும் எடுத்தால் ஊர் எந்த எல்லைக்குள் இருந்தது என்றே சொல்ல முடியாது. மூவேந்த வேளான் என்பது அரசன் தந்த பட்டம். அதை ஆளின் இயற்பெயராகவோ சாதியாகவோ எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

பாளையக்காரரையும் ஜமீன்தாரையும் ஒன்றாக்குவதும் அப்படித்தான். முன்னவருக்குப் படையும் காவல் அதிகாரமும் இருந்தன. ஜமீன் நிலவரியை நிலையாக்கிய 1802-ஆம் ஆண்டின் 25-ஆவது ஒழுங்குவிதிக்குப் பிறகு சன்னத் (ஜமீன் உரிமைப் பத்திரம்) பெற்ற ஜமீன்தாருக்கு நிலவரி வசூலும் பேஷ்குஷ் கடமையும்தான். ராமநாதபுரத்துக்கும் சிவகங்கைக்கும் 1803-இல் சன்னத் கொடுக்கப்பட்டது. எனவே ஆவணத்தின் தேதியை உறுதிசெய்த பிறகே அகராதியைத் திறக்க வேண்டும்.

பெரிய சேதம் வருவது அளவைச் சொற்களில். ‘காணி’ என்பது பின்னமாக 1/80. ஒரு நிலப் பரப்பளவுக்கும் அதே பெயர். பரம்பரை நில உரிமைக்கும் காணி என்றே பெயர். வேலி என்ற நில அளவு 6.6 ஏக்கர் என்று கொண்டால் அதில் 1/80 என்பது 0.0825 ஏக்கர். செங்கல்பட்டுப் பக்கத்துக் காணியோ 1.32 ஏக்கர், பதினாறு மடங்கு. ஆவணத்தின் அதே வரியில் வேலி, மா, முந்திரி என்ற அளவைச் சொற்களும் கூட வந்தால் அது பின்னம். தனியாக நின்றால் எந்த மாவட்டத்து ஆவணம் என்று பாருங்கள். ‘காணியாட்சி’ என்றிருந்தால் பரப்பே இல்லை, உரிமை.

இந்த இடைவெளிகளை அடைக்க எச். எச். வில்சன் 1855-இல் வெளியிட்ட நீதி, வருவாய்த்துறைச் சொற்கோவையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்நெட் ஆர்கைவில் கிடைக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலக வழக்கு, நடைமுறை, வட்டாரம் அதில் விரிவாக உண்டு. தலைச்சொற்கள் ரோமன் எழுத்தில் இருப்பதால் ஒலியை வைத்தே தேட வேண்டும். ஜமாபந்தி, பசலி (வருவாய்த்துறை ஆண்டு), மிராசு போன்ற வருவாய்ச் சொற்களுக்கு முதலில் வில்சன், பிறகு லெக்சிகன். பிரம்மதேயம், தேவதானம், பள்ளிச்சந்தம், இறையிலி போன்ற கொடைநிலச் சொற்களுக்கு லெக்சிகனே போதும்.

பசலியை ஆங்கில ஆண்டாக்க அகராதி தேவையில்லை: ஜூலை முதல் டிசம்பர் வரை 590, ஜனவரி முதல் ஜூன் வரை 591 கூட்டினால் சரி.